கைப்பிடி அரிசி: வழிபாடு, தோழமை, தொண்டு பற்றிய ஒரு பாடம்



வாரந்தோறும் நாம் கூடுகிறோம். பாடுகிறோம், மன்றாடுகிறோம், நல்லுரை கேட்கிறோம். கூட்டம் முடிந்ததும் வாசலில் விட்ட செருப்பை மாட்டிக்கொண்டு வீடு திரும்புகிறோம். அடுத்த கூட்டம் வரும்வரை அந்த வழிபாடு எங்கே இருக்கிறது? நம் அடுப்பங்கரையில் இருக்கிறதா? வயலில், கடையில், அலுவலகத்தில் இருக்கிறதா? அல்லது கூடத்தின் கதவோடு சேர்த்துப் பூட்டப்பட்டுவிடுகிறதா? இந்த வினாவை மனத்தில் இருத்திக்கொண்டு இம்மாதப் பாடத்தைப் படிக்க வேண்டுகிறோம்.

பாடத்திற்கு எடுத்துக்கொண்டிருப்பது ஆங்கிலிக்கன் திருச்சபை மரபைச் சேர்ந்த ஓர் இந்தியச் சபையின் வாழ்க்கை. இங்கிலாந்துத் திருச்சபையின் வழிவந்த இம்மரபில் பேராயர், குருவானவர், உதவிக்குரு என்னும் படிநிலை உண்டு. அச்சிட்ட ஜெபபுத்தகத்தின்படியே ஆராதனை நடைபெறும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, எல்லாவற்றையும் குருவானவரே செய்கிறார், சபையார் அமர்ந்திருந்து போகிறார்கள் என்று தோன்றக்கூடும். ஆனால் இதே மரபில், நம் நாட்டின் மிக ஏழ்மையான கிராமங்களில், சபையார் ஒவ்வொருவரும் தொண்டராக எழுந்து நின்ற காலம் ஒன்று இருந்தது. அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதே நமது பாடம்.

1. ஒழுங்கு யாருக்காக?

ஆங்கிலிக்கன் வழிபாட்டின் அடித்தளம் பொது ஜெபபுத்தகம். 1549இல் பேராயர் தாமஸ் கிரான்மரின் தலைமையில் அது முதன்முதலாக வெளிவந்தது. பல திருத்தங்களுக்குப் பின் 1662இல் பெற்ற வடிவமே நெடுங்காலம் நிலைத்தது. அந்நூலின் பெயரிலேயே ஒரு கொள்கை அடங்கியிருக்கிறது. அது 'பொது' ஜெபம். குருவானவருடைய தனி ஜெபம் அன்று. அதுவரை இலத்தீன் மொழியில், பெரும்பாலோருக்குப் பொருள் விளங்காமல் நடந்த வழிபாட்டை மக்கள் பேசும் மொழிக்குக் கொண்டுவந்தது அப்புத்தகம். பாவ அறிக்கையைக் குருவும் மக்களும் ஒரே குரலில் சொல்ல வேண்டும். சங்கீதங்களை ஒருவர் தொடங்க, மற்றவர் மறுமொழியாகத் தொடர வேண்டும். குரு ஒரு மன்றாட்டை ஏறெடுத்தால், மக்கள் "ஆமென்" என்று சொல்லி அதைத் தம்முடையதாக ஆக்கிக்கொள்ள வேண்டும்.

வழிபாட்டு முறையைக் குறிக்க மேலைத் திருச்சபைகள் வழங்கும் சொல் 'லித்துர்ஜியா' என்னும் கிரேக்க மூலத்திலிருந்து வந்தது. பண்டைக் கிரேக்க நகரங்களில் ஒரு குடிமகன் ஊருக்காகத் தன் செலவில் செய்யும் பொதுப்பணிக்கே அப்பெயர் வழங்கியது. ஆகவே வழிபாடு, தொண்டு என இன்று நாம் இரண்டாகப் பிரித்துப் பேசுபவை ஒரு சொல்லுக்குள் ஒன்றாக இருந்தவை. திருவிருந்து ஆராதனையின் முடிவில், அப்பத்தையும் திராட்சரசத்தையும் பெற்றுக்கொண்ட மக்கள் தம் ஆத்துமாவையும் சரீரத்தையும் கடவுளுக்குக் காணிக்கையாக ஒப்புக்கொடுக்கும் மன்றாட்டு ஒன்று ஜெபபுத்தகத்தில் உண்டு. பெற்றவர் உடனே தம்மைக் கொடுக்க வேண்டும் என்பது அதன் கருத்து.

கொள்கை புத்தகத்தில் இருந்தது. அது ஊரில் நடந்தேறியதா என்பதே கேள்வி.

2. வெள்ளாளன்விளையிலிருந்து தோர்ணக்கலுக்கு

நெல்லைச் சீமையின் வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில், 1874ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள், ஒரு கிராமக் குருவானவரின் மகனாகப் பிறந்தார் வேதநாயகம் சாமுவேல் அசரியா. இளமையிலேயே தந்தையை இழந்தார். மெஞ்ஞானபுரத்திலும் பின்னர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். 1895 முதல் ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் செயலாளராகத் தென்னிந்தியா எங்கும் பயணம் செய்தார். அந்நாள்களில் அவர் குருப்பட்டம் பெறாத ஒரு சாதாரணச் சபை உறுப்பினரே என்பதை நாம் மறக்கலாகாது.

1902இல் அவர் யாழ்ப்பாணம் சென்றார். அங்குள்ள தமிழ்க் கிறித்தவர்கள் தம் சொந்தப் பொருளைக் கொண்டு தொலைவிடங்களுக்கு ஊழியர்களை அனுப்புவதைக் கண்டார். வேதத்தை நெல்லை மக்கள் பெற்று ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும், இன்னும் பிறர் கொடுப்பதைப் பெறுபவர்களாகவே இருக்கிறோமே என்ற எண்ணம் அவரை வருத்தியது. அவ்வருத்தம் செயலாயிற்று. 1903 பிப்ரவரி 12ஆம் நாள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. இந்தியர் உழைப்பு, இந்தியர் பணம், இந்தியர் நிர்வாகம் என்பது அதன் கொள்கை. 1905ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் வங்கத்தின் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் உருவானபோதும் அவர் அதன் தோற்றுவிப்பாளருள் ஒருவராக இருந்தார்.

நெல்லைச் சங்கம் தேர்ந்துகொண்ட பணிக்களம், அன்றைய நிஜாம் ஆட்சிப் பகுதியில் இருந்த தோர்ணக்கல். தெலுங்கு நாடு, தமிழருக்கு அயல்மொழி நாடு. பிறரைப் போகச் சொன்னவர் தாமே போக வேண்டும் என்று அசரியா உணர்ந்தார். 1909இல் குருப்பணிக்கு அருட்பொழிவு பெற்று, தெலுங்கு கற்று, குடும்பத்தோடு அங்கே குடியேறினார். 1912 டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவின் தூய பவுல் பேராலயத்தில் தோர்ணக்கலின் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே. 1945 ஜனவரி 1ஆம் நாள் தோர்ணக்கலில் மறையும்வரை, முப்பத்திரண்டு ஆண்டுகள் அப்பணியில் இருந்தார்.

3. அந்திவேளை ஆராதனை

தோர்ணக்கல் திருமண்டலத்துச் சபையாருள் மிகப் பெரும்பாலோர் மாலா, மாதிகா வகுப்பினர். தீண்டாமைக் கொடுமைக்கு உள்ளானவர்கள். பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். கடனில் பிறந்து கடனில் இறந்தவர்கள். எழுத்தறிந்தோர் மிகச் சிலர். அச்சிட்ட ஜெபபுத்தகத்தை அவர்கள் கையில் கொடுத்தால் என்ன பயன்?

வழிபாடு அவர்களுடைய வாழ்க்கை ஒழுங்குக்கு ஏற்ப அமைந்தது. பகலெல்லாம் வயலில் நின்றவர் திரும்புவது அந்திவேளையில். ஆகவே மாலையில்தான் பள்ளி, மாலையில்தான் ஜெபம். கிராமத்து ஆசிரியர் விளக்கேற்றி வைத்து, விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தருடைய ஜெபத்தையும் பத்துக் கட்டளைகளையும் வாய்மொழியாகச் சொல்லிக் கொடுப்பார். மக்கள் திரும்பத் திரும்பச் சொல்லி நெஞ்சில் பதித்துக்கொள்வர். வேதக் கதைகளைக் கேட்டு, தம் சொந்தச் சொற்களில் திருப்பிச் சொல்வர். தெலுங்கு மெட்டில் அமைந்த கீர்த்தனைகள் தாளத்தோடு ஒலிக்கும். கண்ணால் படிக்க இயலாதவருக்கும் புத்தகம் இவ்வாறு சொந்தமாயிற்று.

இந்நாட்டு மண்ணின் மணம் வழிபாட்டில் இருக்க வேண்டும் என்பதில் அசரியா உறுதியாக இருந்தார். தோர்ணக்கல் பேராலயத்தைப் பார்ப்பவர் இதனைக் கண்கூடாகக் காணலாம். அதன் கட்டடத்தில் இந்துக் கோயிற் கலையும், இசுலாமியக் கட்டடக் கலையும், கிறித்தவ மரபும் ஒன்றாக இழைந்திருக்கின்றன. பல்லாண்டுகள் சிறிது சிறிதாக எழுந்த அவ்வாலயம், 1939 ஜனவரி 6ஆம் நாள் பிரதிஷ்டை செய்யப்பட்டது. கீழ்த்திசை ஞானிகள் தம் காணிக்கைகளோடு வந்து பணிந்ததை நினைவுகூரும் திருநாள் அது. அத்திருநாளின் பெயரையே ஆலயமும் தாங்கி நிற்கிறது.

4. ஒரே பாத்திரம்

இனித் தோழமை. இச்சொல்லைச் சொல்வது எளிது. தோர்ணக்கலில் அது மிகக் கடினமான பாடமாக இருந்தது.

மாலாக்களும் மாதிகாக்களும் ஊரின் விளிம்பில் ஒதுக்கப்பட்டவர்களே. ஆயினும் அவ்விரு வகுப்பாரும் ஒருவரோடொருவர் உண்பதில்லை. பெண் கொடுத்துப் பெண் எடுப்பதில்லை. ஒதுக்கப்பட்டவர் தமக்குள்ளும் ஒதுக்கிக்கொண்டனர். திருச்சபைக்குள் வந்தபின்னும் அப்பழக்கம் தானாக மறைந்துவிடவில்லை. ஆனால் ஆங்கிலிக்கன் திருவிருந்தில் பாத்திரம் ஒன்றே. முழங்காற்படியிட்டு வரிசையாக நிற்கும் அனைவரும் அந்த ஒன்றிலிருந்தே பருக வேண்டும். உனக்கு முன் பருகியவர் யார் என்று கேட்க அங்கே இடமில்லை. நூறு சொற்பொழிவுகள் கற்பிக்க இயலாததை அந்தப் பாத்திரம் கற்பித்தது. ஒரு நாளில் அன்று, பல்லாண்டுகளில். சிலர் தயங்கினர், சிலர் பின்வாங்கினர். ஆயினும் அந்த ஒழுங்கைத் தளர்த்த அசரியா இசையவில்லை.

இதே பாடத்தை அவர் ஆங்கிலேயருக்கும் சொல்ல நேர்ந்தது. 1910இல் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. அங்கே பேசிய முப்பத்தைந்து வயது அசரியா, மேலைநாட்டு ஊழியர்கள் இந்தியருக்காகச் செய்த தியாகங்களை நன்றியோடு நினைவுகூர்ந்தார். பின்னர், பொருளையும் உயிரையும் கொடுத்த அவர்கள் நட்பையும் கொடுக்க வேண்டும் என்று உருக்கமாகக் கேட்டுக்கொண்டார். கேட்டவர்களுள் சிலர் முகம் சுளித்தனர். மேலே நின்று கொடுப்பவரும் கீழே நின்று வாங்குபவரும் ஒரே பந்தியில் அமர்வது அரிது. அவ்வாறு அமராதவரை அங்கே உதவி இருக்கலாம், தோழமை இராது.

தோழமை என்பது நம்மவரைச் சுற்றி எழுப்பும் மதிலும் அன்று. இந்தியக் கிறித்தவருக்குத் தனித்தொகுதி வேண்டும் என்ற குரல் எழுந்த காலத்தில், அதனை அசரியா ஏற்கவில்லை. நாட்டின் பொதுவாழ்விலிருந்து பிரித்து வைக்கப்படுவது நன்மையாகாது என்று கருதினார். மதமாற்றம் குறித்துக் காந்தியடிகளுக்கும் அவருக்கும் 1930களில் ஆழ்ந்த கருத்து வேறுபாடு இருந்தது. இருவரும் தத்தம் நிலையில் உறுதியாக நின்றனர். ஆனால் ஒடுக்கப்பட்ட மனிதன் தலைநிமிர வேண்டும் என்னும் ஏக்கம் இருவருக்கும் பொதுவானது.

சபைப் பிரிவுகளைக் கடந்த ஒற்றுமைக்காகவும் அவர் உழைத்தார். 1919இல் தரங்கம்பாடியில் கூடிய குருமார், தென்னிந்தியத் திருச்சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அறைகூவினர். அவர்களுள் முன்னின்றவர் அசரியா. 1947 செப்டம்பர் 27ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதைக் காண அவர் உயிரோடில்லை. இன்று அத்திருச்சபையின் ஓர் அங்கமாகத் தோர்ணக்கல் திருமண்டலம் விளங்குகிறது.

5. தலைமேல் வைத்த கை

தோர்ணக்கலில் ஞானஸ்நானம் பெறுகிறவர்களிடம் கேட்கப்பட்ட உறுதிமொழி ஒன்று உண்டு. திருமுழுக்குப் பெற்றவர் தம் தலைமேல் தாமே கை வைத்து, தாம் பெற்ற நற்செய்தியைப் பிறருக்கு அறிவிக்காவிட்டால் தமக்குக் கேடு வரும் என்னும் பவுல் அப்போஸ்தலரின் கருத்தைத் தம் வாயால் சொல்ல வேண்டும். சபைகளைக் காணச் செல்லும்போதும் பேராயர் மக்களை இவ்வாறு சொல்லச் செய்வார்.

இச்சடங்கின் பொருளைச் சற்று எண்ணிப் பார்ப்போம். குருப்பட்டம் அளிக்கும்போது பேராயர் ஒருவரின் தலைமேல் கை வைப்பார். அது சிலருக்கே உரியது. ஆனால் இங்கே, கூலிக்காரரும் விதவையும் மாடு மேய்ப்பவரும் தத்தம் தலைமேல் தம் கையையே வைத்தனர். பணி குருவானவருடையது, பார்வை நம்முடையது என்னும் நினைப்புக்கு அந்தக் கணத்திலேயே முடிவு கட்டப்பட்டது.

சொல்லோடு நின்றதா? இல்லை. ஆண்டில் ஒரு வாரம் சாட்சி வாரமாக ஒதுக்கப்பட்டது. அவ்வாரத்தில் சபையார் குழுக்களாகப் பக்கத்து ஊர்களுக்குச் சென்றனர், பாடினர், தம் வாழ்வு மாறிய விதத்தை எளிய சொற்களில் கூறினர். ஒருவன் குடியை விட்டிருந்தால், அதனை அவன் வாயால் கேட்பதைவிட வலிய பிரசங்கம் எது? தெருவைத் தூய்மையாக வைத்திருந்தால், அத்தெருவே பேசும். அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கையும் கிராமத்தைப் பிடித்த நான்கு பேய்கள் என்று கருதி அசரியா எதிர்த்தார். அவற்றை ஓட்டும் பணி ஒவ்வொரு வீட்டிலும் தொடங்க வேண்டியிருந்தது. மருத்துவ நிலையங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் அச்சகமும் இதற்குத் துணை நின்றன.

இப்பணியில் பெண்களின் பங்கு பெரிது. பேராயரின் துணைவியார் அன்பு மாரியம்மாள் அசரியா அவரோடு தோளோடு தோள் நின்று உழைத்தார். ஊழியப் பயிற்சிக்கு வந்த ஆண்களோடு அவர்தம் மனைவியரும் கற்றனர். ஆசிரியர் ஒரு கிராமத்திற்குச் சென்றால் அவர் குடும்பமே சென்றது. அக்குடும்பம் எவ்வாறு சமைக்கிறது, எவ்வாறு குழந்தையைக் குளிப்பாட்டுகிறது, கணவனும் மனைவியும் ஒருவரோடொருவர் எவ்வாறு பேசுகிறார்கள் என்பதை ஊரே பார்த்துக் கற்றது. 1930களின் நடுவில் இத்தகைய கிராம ஆசிரியர்கள் இரண்டாயிரம் அளவில் இருந்தனர். திருமண்டலத்தின் சபையார் தொகை 1940களின் தொடக்கத்தில் இரண்டு லட்சத்தைக் கடந்திருந்தது. சில குருமாரின் உழைப்பால் மட்டும் இது நிகழ்ந்திருக்க இயலாது.

6. கைப்பிடி அரிசி

நெல்லைச் சபைகளில் ஒரு பழைய வழக்கம் உண்டு. வீட்டுப் பெண் உலை வைக்கும்போது, அன்றைய சமையலுக்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் இடுவாள். வார முடிவில் அது ஆலயத்திற்குச் செல்லும். பனையேறும் குடும்பம் ஒரு பனையின் பயனைக் கடவுளுக்கென ஒதுக்கும். அறுப்பின் பண்டிகையில் காய்கறியும் கோழியும் முட்டையும் காணிக்கையாக வந்து ஏலம் போகும். அசனப் பண்டிகையில் ஊரார் எல்லாரும் ஒன்றாக அமர்ந்து உண்பர்.

இந்த மண்ணில் வளர்ந்த அசரியா, கொடுத்தலை ஒரு நிதி திரட்டும் உத்தியாகக் காணவில்லை. அதை வழிபாட்டின் பகுதியாகவே கண்டார். கிறித்தவக் கொடுத்தலைப் பற்றித் தனி நூலே எழுதினார். தோர்ணக்கலின் ஏழைகளிடம் அவர் காணிக்கை கேட்டபோது, இவர்களிடமா கேட்பது என்று இரங்கியோர் உண்டு. இரக்கம் நல்லதுதான். ஆனால் அந்த இரக்கத்திற்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது: இவர்களுக்குக் கொடுக்க ஒன்றுமில்லை என்பதே அது. தலைமுறை தலைமுறையாக அம்மக்கள் கேட்டுவந்த தீர்ப்பும் அதுவே. ஊரார் எறிவதை ஏந்துவதற்கு மட்டுமே கை என்று பழக்கப்பட்டவள், தன் கையால் அள்ளிய அரிசியைக் கடவுளின் பீடத்தில் வைக்கிறாள். அக்கணத்தில் அவள் பிச்சை வாங்குபவள் அல்லள், ஆராதனை செய்பவள்.

இப்பொழுது மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். அடுப்பின் முன் அள்ளிய அரிசி வழிபாடு ஆகிறது. அது ஒரே பந்தியில் சோறாகும்போது தோழமை ஆகிறது. அது ஓர் ஆசிரியரின் குடும்பத்தை அடுத்த கிராமத்தில் வாழவைக்கும்போது தொண்டு ஆகிறது. அரிசி ஒன்றே. வழிபாட்டைத் தனியாகவும் தோழமையைத் தனியாகவும் தொண்டைத் தனியாகவும் நடத்த முற்படும் சமூகத்தில் இம்மூன்றும் மெலிந்துபோவதற்குக் காரணம் இதுவே.

7. நமக்குரிய பாடம்

இவற்றையெல்லாம் படித்துவிட்டு, அது பெரியவர் ஒருவரின் காலம், அத்தகைய தலைவர் இன்று இல்லை என்று சொல்லி நாம் ஒதுங்கிவிடக்கூடும். ஆனால் தோர்ணக்கலின் வலிமை பேராயரிடம் மட்டும் இருக்கவில்லை. இருந்திருந்தால், அவர் அடுத்த ஊருக்குச் சென்றதுமே முதல் ஊர் உறங்கியிருக்கும். அங்கே பெயர் தெரியாத ஒரு தாய் கலயத்தில் கை வைத்தாள். பெயர் தெரியாத ஓர் ஆசிரியர் அந்திதோறும் விளக்கேற்றினார். வரலாறு அவர்களைக் குறித்து வைக்கவில்லை. திருச்சபை அவர்கள் தோளில்தான் நின்றது.

நம் கூட்டங்களில் இசை இனிதாக இருக்கலாம். சொற்பொழிவு செறிவாக இருக்கலாம். ஆனால் கடைசி வரிசையில் அமர்ந்து, யாரிடமும் பேசாமல் வந்து, யாரும் பேசாமல் திரும்பிப் போகிறவர் ஒருவர் இருக்கிறாரா? அவரிடம் ஒரு பணியை நாம் ஒப்படைத்திருக்கிறோமா? அவரால் என்ன ஆகும் என்று நாமே தீர்ப்பு எழுதிவிட்டோமா? ஒருவரிடம் ஒன்றும் கேட்காதிருப்பது சில வேளைகளில் அவரை அவமதிப்பதாகும் என்பதை இப்பாடத்திலிருந்து பெற்றுக்கொள்வோமாக.

சிந்தனைக்கும் கலந்துரையாடலுக்கும்

1. சென்ற வாரம் நாம் வாய்விட்டுச் சொன்ன மன்றாட்டுகளுள், இந்த வாரம் நம் கையால் செய்யக்கூடியது எது?

2. நம்மோடு வழிபடுகிறவர்களுள், இதுவரை நாம் ஒரு வேளையேனும் சேர்ந்து உண்ணாதவர் யார்? ஏன்?

3. நம் குழுவில் எப்போதும் கொடுப்பவராகச் சிலரும், எப்போதும் பெறுபவராகச் சிலரும் இருக்கின்றனரா? பெறுபவரிடம் உள்ள எதை நாம் கேட்டு வாங்கலாம்?

4. நம் வீட்டுச் சமையலறையில் ஒரு சிறு கலயம் வைக்க முடியுமா? இம்மாதம் முழுவதும் நாள்தோறும் ஒரு கைப்பிடி அதில் இடுவோம். மாத இறுதியில் அது யாருக்கு என்பதைக் குடும்பத்தார் அனைவரும், குழந்தைகளும் உட்பட, கூடி முடிவு செய்க.